கிட்டார்காரன் பேஸ் பிடித்த மூன்று வாரம்

கிட்டார் வாசிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தேகம் வரும்: இவர்களுக்குக் காது இருக்கிறதா? நான் கேட்கலாம், எனக்கு அந்த உரிமை உண்டு. இருபத்துமூன்று வயதுவரை நானும் காது இல்லாமல் விரல்களை மட்டும் வைத்துக்கொண்டு வாசித்தவன்தான். மேடையில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் என் பின்னால் ஓடி வருவதற்காக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மலாயாவில் அது அவசரகாலம், காட்டிலிருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்கார அரசாங்கம் வேட்டையாடிய காலம். மலாக்கா பக்கம் அலோர் காஜாவில் ஓர் அரசாங்க ஆபீசில் எனக்கு கிளார்க் வேலை. சுற்றியிருந்த தோட்டங்களில் பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. அதனால் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களில் ராத்திரி விருந்து என்பதே இல்லாமல் போயிற்று. காலையில் கோயிலில் தாலி கட்டுவார்கள், மத்தியானம் இரண்டு மணிக்குத் தோட்டத்து மண்டபத்தில் டீ பார்ட்டி வைப்பார்கள், நாலரைக்கெல்லாம் மாப்பிள்ளையே நாற்காலி அடுக்க ஆரம்பித்துவிடுவார். அந்த இரண்டரை மணி நேரம் எங்கள் பேண்டுக்கு.

நாங்கள் நான்கு பேர். அக்கார்டியன் வாசித்தவர் டவுனில் தையற்கடை வைத்திருந்தார், எங்களில் மூத்தவர். டிரம்ஸ் அடித்தவன் ரப்பர் ஃபேக்டரி மெக்கானிக், வேனும் அவன் பொறுப்பு. பேஸ் வாசித்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான், பொதுப்பணி இலாகாவில் பிளான் வரைகிற வேலை. இப்போது தோளில் மாட்டிக்கொள்கிற பேஸ் கிட்டார் வந்துவிட்டது. அப்போது எங்களிடம் இருந்தது நிறுத்தி வைத்து அணைத்துக்கொண்டு வாசிக்கிற ஆள் உயர மரப் பேஸ். மலாக்கா பட்டணத்தில் ஒரு போர்த்துகீசியக் குடும்பத்திடமிருந்து அவர் வாங்கி வந்தது. அவர் அதன் பக்கத்தில் ஒன்றுமே செய்யாதவர் போல நிற்பார். அந்த வேலைக்கு ஒரு ஆளா என்று நான் மனசுக்குள் சிரித்திருக்கிறேன்.

தையற்காரரின் தங்கை தமிழ்ப்பள்ளி ஆசிரியை. டவுனுக்கு வெளியே, தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற தகப்பனாரோடு இருந்தாள். அண்ணன் மெட்டமைத்த மணவாழ்த்து ஒன்றை அவள் பாட வேண்டும் என்று ஏற்பாடு ஆயிற்று. தகப்பனாருக்கு அதில் இஷ்டமில்லை. பெண்பிள்ளை கோயிலில் பாடலாம், கல்யாண வீட்டில் பாடினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றார். மகன் கெஞ்சிய பிறகு ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். அவரே வந்து கேட்பார். கேட்கும்படி இருந்தால் பாடலாம், இல்லையென்றால் கோயிலோடு சரி. அவளுக்கு அந்தப் பாட்டு எவ்வளவு முக்கியம் என்பது ஒத்திகையிலேயே தெரிந்தது. சனிக்கிழமை பஸ் பிடித்து வந்து, தையல் மிஷின்களுக்கு நடுவில் நின்று, ஒரே வரியைப் பத்துத் தடவை பாடுவாள்.

எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இதை ஒளிக்கப் போவதில்லை. என் விரல்கள் அத்தனை வேகமாக ஓடியதற்குக் காரணமே அவள்தான்.

முதல் கல்யாணம் பக்கத்துத் தோட்டத்தில். தகப்பனார் பெண்வீட்டாரோடு லாரியில் வந்தார். மகள் மேடையில் நிற்பதைப் பார்க்கக் கூச்சம், அதனால் மண்டபத்துக்குள்ளே வரவில்லை. வெளியே ஒரு நாற்காலி போட்டு, ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு காதை மட்டும் எங்களிடம் விட்டுவைத்தார்.

அவள் பாட ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கொஞ்சம் நிறுத்தினாள். மூச்சு வாங்க நிறுத்துகிறாள் என்று எந்த மனிதனுக்கும் தெரியும். எனக்காக இடம் விடுகிறாள் என்று நான் நினைத்தேன். முந்திரிக்கொட்டை போல அங்கெல்லாம் தலையை நீட்டினேன். ஒரு இடைவெளியையும் விட்டுவைக்கவில்லை, கம்பி தேய வாசித்தேன். மூன்றாம் சரணத்தில் அவள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அண்ணன் அக்கார்டியனை இழுத்துப் பாட்டை எப்படியோ முடித்து வைத்தார். முன்வரிசைச் சின்னப் பையன்கள் எனக்குக் கை தட்டினார்கள்.

மறுநாள் தையற்காரர் வந்து, தகப்பனார் சொன்னதைச் சொன்னார். “பாட்டு எங்கடா? கம்பி சத்தந்தான் கேட்டுச்சுன்னாரு. இன்னும் ஒரு தடவ பாக்கிறாராம். அதுவும் இப்படின்னா, இனிமே கோயில் மட்டுந்தானாம்.”

“மைக் சரியில்ல லா,” என்றேன் நான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அந்த வாரமே யாழ்ப்பாணத்துக்காரருக்கு வெளியூர் வேலை வந்தது. காட்டோரத்து ஜனங்களை வேலிக்குள் குடியேற்றுகிற புதுக்கிராமம் ஒன்றுக்கு ரோடும் வேலியும் அளக்க மூன்று வாரம் போக வேண்டும். பேஸைக் கடையில் வைத்துவிட்டுப் போக வந்தவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஐசே, அவ ரெண்டாம் சரணத்திலை என்ன பாடினவ எண்டு உமக்குத் தெரியுமோ?”

எனக்கு ஒரு சொல்கூடத் தெரியவில்லை.

“எனக்குத் தெரியும்,” என்றார். “பேஸ்காரனுக்கு வேறை என்ன வேலை? கேட்டுக்கொண்டு நிக்கிறதுதானே.”

கோபம் வந்தது எனக்கு. அதைவிடப் பெரிய கோபம் மெக்கானிக் வாயைத் திறந்தபோது வந்தது. “மச்சான், அக்கார்டியன் இருக்கு, கிட்டார் இல்லாம சமாளிச்சுக்கலாம். பேஸ் இல்லாம முடியாது. அந்த நாலு கம்பியும் உன் கிட்டாரோட மேல் நாலு கம்பிதானே? நீதான் லா எடுக்கணும்.” தையற்காரர் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். ஒத்திகைக்கு வந்திருந்த அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஆறு கம்பிக்காரனை நாலு கம்பிக்கு இறக்கிவிட்டார்களே என்று அன்று நான் சாப்பிடக்கூட இல்லை.

மூன்று வாரமும் ஆபீஸ் விட்டதும் தையற்கடைக்குப் போனேன். மெக்கானிக் சொன்னது உண்மை, கம்பிகளின் பெயர் அதேதான். ஆனால் மற்ற எதுவும் அதே இல்லை. கிட்டாரில் ஒரு சுரம் தப்பினால் பத்துச் சுரத்தைக் கொட்டி மறைத்துவிடலாம். பேஸில் ஒரே சுரம், அது தப்பினால் நான்கு பேரும் சேர்ந்து விழுகிறோம். விரல் நுனியெல்லாம் கொப்புளம். முதல் வாரம் மெக்கானிக்கின் கால் பெரிய டிரம்மின் கட்டையை எப்போது மிதிக்கிறது என்பதைப் பார்க்கக் கற்றேன். இரண்டு வருஷம் அவன் பக்கத்தில் இருந்தும் அந்தக் காலை நான் பார்த்ததில்லை. இரண்டாம் வாரம் அக்கார்டியன் எந்த இடத்தில் சுருங்கி எந்த இடத்தில் விரிகிறது என்று தெரிந்தது. மூன்று நான்கு சுரம் சேர்த்து நான் இத்தனை நாள் அடித்த கார்டுகளுக்கெல்லாம் அடியில் ஒரு சுரம் நின்று தாங்கிக்கொண்டிருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாம் வாரம் வந்த இரண்டாவது கல்யாணத்துக்கு எல்லாரும் ஒரே வேனில் போனோம். தகப்பனாரும் ஏறினார். நான் பேஸின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். என்னை அதற்கு முன் அவர் பார்த்ததில்லை. “தம்பிதான் இந்தப் பெரிச வாசிக்கிறதா?” என்றார். “ஆமாங்க,” என்றேன்.

தோட்டத்துக்குப் போகிற வழியில் சோதனைச் சாவடி. காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்று பால்பவுடர் டின்னைக்கூடத் திறந்து பார்க்கிற காலம். வழக்கமாக நிற்கிற மலாய்க் கான்ஸ்டபிளுக்கு எங்கள் பேஸைத் தெரியும், சும்மா தட்டிப் பார்த்து அனுப்பிவிடுவார். அன்றைக்குப் புது ஆள். துணி உறையைக் கழற்றச் சொன்னார். பேஸின் வயிற்றில் இருக்கிற ஓட்டை வழியாக நீளக் கம்பியை விட்டுத் துழாவினார். உள்ளே எதிலோ இடித்தது. இடிக்கத்தான் செய்யும், பலகையைத் தாங்க உள்ளே ஒரு சின்னக் கட்டை உண்டு. “பெராஸ்?” என்று கேட்டார். அரிசி இல்லை, கட்டை என்றோம். பலகையைப் பெயர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார் அவர்.

பேஸ் போனால் கல்யாணம் போயிற்று. கல்யாணம் போனால் அவள் பாட்டும் அதோடு போயிற்று. நான் கும்பிடாத குறையாக, இது வாத்தியம், அரிசி போட்டு வைத்திருந்தால் சத்தமே வராது என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். “சுபா மாயின் லா,” என்றார். வாசித்துத்தான் காட்டேன்.

ரோட்டில் நிறுத்தி வாசித்தேன். டும். டும். டும். கிட்டாராக இருந்திருந்தால் அந்த மனிதரை மயக்கியிருப்பேன். ஆனால் பேஸை ஒற்றையாக வாசித்தால் அது யாரோ கதவு தட்டுகிற சத்தம்தான். அவர் தலையை ஆட்டினார். “இது பாட்டா?” என்று பக்கத்தில் நின்ற ஆளிடம் கேட்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். கம்பியை மறுபடி கையில் எடுத்தார்.

அப்போது வேனுக்குள்ளிருந்து அவள் பாடினாள்.

இறங்கவில்லை, கை ஆட்டவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தபடியே, என் டும் எங்கே விழுகிறது என்று பார்த்து, அதன் மேல் முதல் வரியை வைத்தாள். அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை இல்லை. அவள் எங்கே போகிறாளோ அங்கே போனேன். வரி முடிந்தது, அவள் நிறுத்தினாள். அந்த இடத்தில் என் காதில் விழுந்தது ஒரு மூச்சு. கடைசிச் சொல்லுக்கு முன்னால் சின்னதாக இழுத்துக்கொள்கிற மூச்சு. ஒத்திகையிலும் மேடையிலும் நான் விடாமல் மிதித்து நடந்தது அதன் மேல்தான். இத்தனை நாள் அவள் பாட்டை நான் ஒரு முறைகூடக் கேட்கவில்லை என்பது அந்த ரோட்டில் தெரிந்தது. வெட்கத்தில் காது சுட்டது. கை மட்டும் நிற்கவில்லை, நின்றால் அவள் விழுந்துவிடுவாள்.

ஒரு சரணம் முடிந்ததும் கான்ஸ்டபிள் கம்பியைக் கீழே வைத்தார். உறையை மாட்ட அவரே உதவி செய்தார்.

அன்று மண்டபத்தில் நான்கு சரணமும் பாடினாள். திரும்பி வரும்போது தகப்பனார் மகனிடம் சொன்னார்: “இன்னிக்குத்தான் பாட்டு பாட்டா இருந்துச்சு. அந்தக் கிட்டார் பையன் வரல, அதான்.” நான் பேஸின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எதிரில் உட்கார்ந்திருந்த அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

யாழ்ப்பாணத்துக்காரர் திரும்பி வந்தார். பேஸ் அவர் கைக்குப் போயிற்று. அடுத்த கல்யாணத்துக்கு நான் கிட்டாரை எடுக்க வேண்டும். சனிக்கிழமை ஒத்திகைக்கு வந்தவள் கிட்டார் பெட்டியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“நீங்க அத எடுத்தீங்கன்னா நான் பாடல,” என்றாள். அவள் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

“ஒரே ஒரு தடவ,” என்றேன். “முதல் சரணத்துல நான் முந்துனா அங்கயே நிறுத்திடுங்க.”

“இங்க நிறுத்திடலாம். கல்யாணத்துல நிறுத்துனா அப்பா வெளிய கேட்டுக்கிட்டு இருப்பாரு. உங்களுக்குப் போனா ஒரு கல்யாணந்தான். எனக்கு அப்புறம் மேடையே கிடையாது.”

அப்படியும் நான் கிட்டாரை எடுத்தேன். எடுத்து, பேஸ்காரனாகவே உட்கார்ந்தேன். மெக்கானிக்கின் காலைப் பார்த்தேன், யாழ்ப்பாணத்துக்காரரின் விரலைப் பார்த்தேன், அவர் அடியில் வைக்கிற சுரத்தை நான் தொடவில்லை. அவள் மூச்சு வாங்கினாள், நான் கையைக் கம்பிமேல் வைத்து அமுக்கிக்கொண்டேன். கிட்டார்காரனுக்கு அதைவிடக் கஷ்டமான வித்தை கிடையாது. கிட்டார் கற்கிற யாரும் ஒரு மாதமாவது பேஸ் பிடிக்க வேண்டும் என்று நான் இன்றுவரை பிடிவாதமாகச் சொல்வது அதற்காகத்தான். அவள் நிறுத்தவில்லை. பாடி முடித்துவிட்டு, “ஞாயித்துக்கெழம பாக்கலாம்,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். தகப்பனார் உறவுக்காரர் காரில் வந்து, வழக்கம்போல வெளியே உட்கார்ந்தார். உள்ளே அவள் மூன்றாம் சரணத்துக்கு வந்தபோது நான் கையைக் கம்பிமேல் அமுக்கி வைத்தேன். ஒரு கணம் நிறுத்தினாள். அந்த இடத்தில் யாரும் வாசிக்கவில்லை. அந்த அமைதியில் மூச்சை எடுத்துக்கொண்டு மூன்றாவதையும் பாடினாள், நான்காவதையும் பாடினாள். மணப்பெண்ணின் அம்மா அழுதார். எனக்கு ஒரே சந்தோஷம். ஒருவரும் எனக்குக் கை தட்டவில்லை.

எல்லாம் முடிந்து வேனில் சாமான் ஏற்றினோம். யாழ்ப்பாணத்துக்காரர் சொல்லிக்கொள்ள உள்ளே போயிருந்தார், நான் அவருடைய பேஸைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன். தகப்பனார் வேன் பக்கம் வந்தார். மகள் பக்கத்தில் நின்றாள்.

“கிட்டாருக்குப் புது ஆளாப்பா?” என்று என்னைக் கேட்டார். “நல்லா வாசிக்கிறாரு. எம்பொண்ணு எல்லாக் கல்யாணத்துக்கும் வரட்டும். ஆனா உங்கிட்ட சொல்றேன் தம்பி, அந்தப் பழைய பையன மட்டும் மறுபடி சேத்துக்காதீங்க.”

நான் பேஸைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன்.

“சேத்துக்க மாட்டோம்ப்பா,” என்றாள் அவள், என்னைப் பார்த்துக்கொண்டே. “அவரு போயிட்டாரு.”