கிளட்ச் கருகும் வாசனை

போன ஞாயிறு, மெல்பர்ன் பக்கம் 'த பேசின்' என்ற ஊரின் பிள்ளையார் கோயிலுக்கு மலை ஏறும் வழியில், முன்னால் போன பழைய காரிலிருந்து கிளட்ச் கருகும் வாசனை வந்தது. கண்ணாடியை ஏற்றுவதற்குப் பதில் இறக்கினேன். சிலருக்கு மல்லிகை வாசனையில் பழைய நாட்கள் திரும்புமாம். எனக்கு இதில்.

ஆஸ்திரேலியாவில் நிலவியலாளர் ஆகும் ஆசை உங்களுக்கு இருந்தால் சொல்லிவிடுகிறேன், ரொம்பச் சுலபம். பட்டம் வேண்டும். ஊரில் வாங்கிய பட்டம் பட்டம்தான் என்று இங்கே ஒருவர் சான்று தர வேண்டும். பதிவுபெற்ற நிபுணர் என்று கையெழுத்துப் போட ஐந்து வருட அனுபவம், ஏற்கெனவே பதிவுபெற்ற இரண்டு பேரின் பரிந்துரை, ஒழுக்கமாக நடந்துகொள்வேன் என்ற உறுதிமொழி. அனுபவத்துக்கு வேலை வேண்டும். வேலைக்கு அனுபவம் வேண்டும். இந்த ஏற்பாட்டை வியந்தபடி ஸ்பிரிங்வேல் பேக்கரி ஒன்றில் பன் அடுக்கிக்கொண்டிருந்தேன். பூமியின் அடுக்குகளைப் படித்தவள் அல்லவா, நன்றாகவே அடுக்கினேன்.

ஒருவழியாக ஒரு மண் பரிசோதனைக் கம்பெனி வேலை தருகிறேன் என்றது. ஒரே நிபந்தனை: மாத முடிவுக்குள் கியர் வண்டி ஓட்டும் லைசென்ஸ் வேண்டும். என்னுடையதில் 'ஆட்டோமேட்டிக் மட்டும்' என்றிருந்தது. வந்த புதிதில் டார்னெய்ட்டில் பக்கத்து வீட்டுச் சென்னைப் பையன்கள் ஒரே குரலில், "ஆட்டோமேட்டிக்லயே டெஸ்ட் குடுத்துடுங்க, ஈஸி" என்றிருந்தார்கள். மலைகள் எப்படி எழுந்தன என்று ஆய்வேடு எழுதியவளை இரண்டாம் கியர் நிறுத்திவிட்டது.

காப்பாற்ற வந்தவள் அறைத்தோழி துஷி. யாழ்ப்பாணத்துக்காரி, என்னைவிட இளையவள், பார்மசி படித்துக்கொண்டே அப்பாவின் மரக்கறிக்கடை வேனை ஓட்டுபவள். வேனில் எப்போதும் கருவாடும் கொத்தமல்லியும் மணக்கும். நான் பழக ஆரம்பித்ததும் கிளட்ச்சும் சேர்ந்துகொண்டது.

"அக்கா, கிளச்சை மெல்ல விடுங்கோ. வேன் அழுகுது."

"மெதுவாத்தான்டி விடுறேன்."

"ஓம், அதுதான் பின்னுக்குப் போகுது."

டெஸ்டுக்கு அந்தக் கோயில் மலையின் அடிவாரத்தில்தான் இடம் கிடைத்தது. துஷியின் வேன், பக்கத்தில் தேர்வாளர். எல்லாம் ஒழுங்காகப் போனது, கோயிலுக்குப் போகும் சாலையின் அந்த வளைவு வரும்வரை. சாலைக்காக மலையை வெட்டிய இடத்தில் எரிமலைப் பாறை, கருநீலமாக, விரிசல் விரிசலாக நின்றது. வேகத்தைக் குறைத்தேன். எட்டிப் பார்த்தேன். எஞ்சின் அணைந்து வேன் நின்றேவிட்டது. பின்னால் ஹாரன். ஏதாவது பிரச்சினையா என்றார் தேர்வாளர். பிரச்சினையெல்லாம் இல்லை, இது ஏறக்குறைய முப்பத்தேழு கோடி வருடப் பாறை என்று விளக்கினேன். ஃபெயில் போட்டார்.

"கல்லைப் பாத்து ஃபெயிலான ஒரே ஆள் நீங்கள்தான் அக்கா" என்று துஷி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். மாதம் முடியப் போகிறது. இன்னொரு முறை தோற்றால் மறுபடியும் பன்தான். இரண்டாவது டெஸ்டுக்கு முந்தின நாள் அதே வளைவுக்குக் கூட்டிப்போய், ஓரமாக வேனை நிறுத்தினாள்.

"இறங்குங்கோ. ஆசை தீரப் பாருங்கோ. நாளைக்கு ரோட்டை மட்டும்தான் பாக்கவேணும், சொல்லிப்போட்டன்."

பார்த்தேன். தடவினேன். உடைந்து கிடந்த ஒரு துண்டை நக்கியும் பார்த்தேன். எங்கள் தொழிலில் அது வழக்கம், நம்புங்கள். துஷி வேனுக்குள் இருந்து, "ஐயோ கடவுளே" என்றாள்.

மறுநாள் பாஸ். வேலையில் சேர்ந்த முதல் நாள் வண்டிச் சாவி தந்தார்கள். ஆட்டோமேட்டிக்.

ஏழு வருடம் ஓடிவிட்டது. வேனை விற்றுவிட்டார்கள். துஷி அடிலெய்டில் மாத்திரை விற்கிறாள். நானும் போன வருடம் பதிவுபெற்ற நிபுணர் ஆனேன். இரண்டு பேர் பரிந்துரைத்தார்கள், ஒழுக்கமாக நடப்பேன் என்று நானும் எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்தோடு போன முதல் அறிக்கை அந்த வளைவைப் பற்றியது. விரிசல்கள் பெருகிவிட்டன, பாறை சரியலாம், கம்பிவலை அடித்து கான்கிரீட் பூசுங்கள் என்றேன். சரியான முடிவுதான்.

ஞாயிறன்று அந்த வளைவைத் தாண்டித்தான் போனேன். சாம்பல் நிறத்தில், மிகச் சுத்தமாகப் பூசியிருக்கிறார்கள். இனி அங்கே யாரும் டெஸ்டில் தோற்க மாட்டார்கள்.