அடி துடைக்காத பூச்சாடி

போன வருஷம், 1972 ஐப்பசி. விருத்தாசலம் ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, யாரோ விட்டுப்போன பத்திரிகையைப் புரட்டினேன். உள்ளே ஒரு வெளிநாட்டு நீர்வண்ண ஓவியம். துறைமுகத்தில் படகுகள். கிட்டே பார்த்தால் வெறும் நீலத் தீற்றல். தள்ளிப் பிடித்தால் தண்ணீரே ஆடுகிறது. இதைப் பீங்கானில் கொண்டுவந்தால் என்ன? ரயிலை விட்டுவிட்டுப் பட்டறைக்குத் திரும்பி ஓடினேன். பீங்கான் டிப்ளமா முடித்து ஆறே மாசம். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

ஒரு பூச்சாடியில் படகுகளை வரைந்து, மேலே கிளேஸை, அந்தக் கண்ணாடிப் பூச்சை, கெட்டியாக ஊற்றினேன். அது உலையில் உருகி வழிந்தால்தான் கடல் கலங்கும் என்று, அடிவரைக்கும் விட்டுவைத்தேன்.

எங்கள் ஊரில் பல சின்னப் பட்டறைகளுக்கு ஒரே உலைதான். அடியில் கிளேஸ் இருந்தால் கீழே சொட்டும். அதனால் சரக்கு அடுக்கும் அண்ணன் எல்லாரிடமும் ஒன்றே ஒன்று கேட்பார்.

"அடி தொடச்சாச்சா தம்பி?"

"தொடச்சிட்டேண்ணே."

திருப்பிப் பார்க்க மாட்டார். சொன்னால் சொன்னதுதான். மேல் தட்டு ஓரத்தில் வைத்தார்.

உலை ஆறித் திறந்தபோது படகுகள் அந்தப் படத்தில் இருந்த மாதிரியே மிதந்தன. கத்தப் போனேன். அப்புறம்தான் கீழ்த் தட்டைப் பார்த்தேன். மாதா கோயில் கிறிஸ்துமஸ் குடிலுக்காக ஓர் அக்கா செய்த பொம்மைகள். மாதா முகத்திலும் ஆட்டுக்குட்டிகள் முதுகிலும் நீலம் சொட்டி இறுகிக் கிடந்தது. அந்த ஆர்டரை நம்பித்தான் அவர் தனிப் பட்டறையே போட்டிருந்தார்.

எல்லாரும் கூடிவிட்டார்கள். அக்கா அண்ணனைப் பார்த்து, "யாருது இந்தச் சாடி? பாக்காமயா ஏத்துன? சாமியாருக்கு நான் என்னா பதில் சொல்றது?" என்றார்.

யாருடையது என்று என்னைத் தவிர அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். என்னை ஒரு தரம் பார்த்தார்.

"நாந்தாங்கா பாத்து ஏத்தியிருக்கணும்."

நான் மெல்லக் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

கோயிலில் பொம்மைகளை வெளியூரில் வாங்கிவிட்டார்கள். அக்கா இன்னொருவர் பட்டறைக்குக் கப்புகளுக்குக் கைப்பிடி ஒட்டப் போனார். அண்ணன் என்னைத் திட்டக்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. ஒவ்வொன்றையும் கவிழ்த்து, விரலால் தடவித்தான் ஏற்றுகிறார். என் ஒரு பொய்யில் அத்தனை பேர் வாக்கும் செல்லாமல் போய்விட்டது.

இந்த வருஷக் குடிலுக்கு மறுபடி அக்காவுக்கே ஆர்டர் வந்திருக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமை ஏற்றுகிறார்கள். அந்தச் சாடி என்னுடையது என்று அன்றைக்குச் சொல்லிவிடப் போகிறேன். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, அண்ணன் எனக்காக நாலு பேர் முன்னால் வாங்கிய பேச்சை, அதே நாலு பேர் முன்னால் நின்றுதான் நான் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும்.