நான் படிக்காமல் விட்ட இரண்டு வரிகள்

புத்தூர் பஸ் நிலையத்தில் என் அண்ணி ஒரு பஸ்ஸின் நெற்றியில் இருந்த பலகையை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தெலுங்கு எழுத்துகளை ஒன்றொன்றாகக் கூட்டி "தி... ரு... ப..." என்று அவர் வருவதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார், பஸ் போய்விட்டது. பக்கத்தில் நின்றவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அண்ணி பேசும் தெலுங்கைக் கேட்டால் அவர் தமிழ் வீட்டுப் பெண் என்று யாரும் நம்ப மாட்டார்கள். கேளுங்களேன் அண்ணி என்று நான் எரிச்சலோடு சொன்னதற்கு, அடுத்த பஸ் வரும், படித்துவிட்டே ஏறுவேன் என்றார். அந்தப் பிடிவாதத்துக்குக் காரணமே நான்தான் என்பதால் அடுத்த பஸ்ஸுக்கு நானும் காத்து நின்றேன்.

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இது ஒரு விநோதம். நகரியிலிருந்து சத்தியவேடு வரைக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் தெலுங்கு வாயில் சரளமாக வரும், கண்ணுக்குத்தான் வராது. சந்தையில் தெலுங்கில் பேரம் பேசுவோம், சண்டை போடுவோம். தாளில் எழுதி நீட்டினால் மட்டும் படித்த ஒருவனைத் தேடுவோம். எங்கள் வீட்டில் அந்த ஒருவன் நான். தெலுங்குப் பள்ளியில் படித்தவன், திருப்பதியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். வீட்டுக்கு வரும் எல்லாத் தாளும் என் கைக்குத்தான் வரும். நான் படித்துச் சொல்வதைக் கேட்டு அண்ணனும் அண்ணியும் கையெழுத்துப் போடுவார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு, கொஞ்சம் திமிரும் உண்டு.

இதெல்லாம் ஆரம்பித்தபோது அண்ணிக்கு முப்பத்தைந்து வயது. ஒரே மகள், ஏழு வயதுக்காரி. இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற ஆசை அண்ணிக்கு விடவில்லை. அந்த நேரத்தில்தான் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் சொன்னார். திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் ஒரு தெலுங்குத் தாளைக் கொண்டுவந்தார். அண்ணன் வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தார். கட்டியை எடுக்கச் சம்மதம் என்று நான் படித்தேன். அதற்குக் கீழே, ரத்தப்போக்கு நிற்காவிட்டால் கர்ப்பப்பையையே எடுக்க நேரலாம், அதற்கும் சம்மதம் என்று இரண்டு வரிகள் இருந்தன. அதைப் படித்தால் அண்ணி எழுந்து ஊருக்குக் கிளம்பிவிடுவார் என்று பயந்தேன்.

"அவ்ளோதான் எழுதிக்கீதா தம்பி?" என்றார் அண்ணி.

"அவ்ளோதான் அண்ணி."

தமிழில் தன் பெயரை எழுதிக் கொடுத்தார். உள்ளே ரத்தம் நிற்கவில்லை. டாக்டர்கள் அவர் உயிரைக் காப்பாற்றினார்கள், தாளில் இருந்தபடியே செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் நர்ஸ் பேச்சுவாக்கில் சொல்லித்தான் அண்ணிக்கு விஷயம் தெரிந்தது. நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருந்ததே அம்மா என்று அந்தப் பெண் வெகுளியாகச் சொல்லியிருக்கிறாள். அண்ணி என்னைக் கூப்பிட்டார். திட்டுவார், அழுவார் என்று எதிர்பார்த்துப் போனேன்.

"கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேனோ இன்னாவோ. என்னிய கேக்கலியே தம்பி" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

வீடு திரும்பிய பிறகு மகளின் ஒன்றாம் வகுப்புத் தெலுங்குப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் சொல்லித் தருகிறேன் என்று போய் நின்றேன். வேண்டாம் என்றார். மகளுக்குப் படிப்பு, தாய்க்கும் படிப்பு என்று ஊர் சிரித்தது. மகளே இரண்டு நாளில் சலித்துப்போய் விளையாட ஓடிவிட்டாள். அண்ணி விடவில்லை. கடைப் பலகை, மருந்து அட்டை, கல்யாணப் பத்திரிகை, உரமூட்டை என்று எழுத்து இருக்கும் இடமெல்லாம் நின்று படித்தார். அந்த வருஷம் முழுக்க அவரோடு கடைத்தெருவுக்குப் போவது பெரிய தொல்லை. போன காரியம் முடிய அரைநாள் ஆகும்.

படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்பது அப்படித்தான் அவருடைய சட்டம் ஆனது. மகளிர் குழுவில் தீர்மானப் புத்தகம் வந்தால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். மற்ற பெண்கள் அடுப்பில் சோறு கிடக்கிறது கலெக்டரம்மா என்று முனகுவார்கள். சோறு குழைந்தால் துன்னலாம் என்பார். இன்னொருத்தருக்காகத் தான் தலையாட்டக் கூடாது என்பதும் அதோடு சேர்ந்துகொண்டது. மகளுக்கு வரன் வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் எதிரிலேயே உனக்குச் சம்மதமா என்று அவளைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்தார். அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. அந்தப் பெண் சம்மதம் என்று சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் எல்லோர் டீயும் ஆறிப்போனது. பேசாமல் அண்ணனே முடித்திருக்கலாம் என்று அன்று எனக்குக்கூடத் தோன்றியது. நான் அவ்வளவு சீக்கிரம் திருந்துகிற ஆள் இல்லை.

போன மாதம் எனக்கு நெஞ்சுவலி வந்தது. அதே திருப்பதியில் வேறொரு ஆஸ்பத்திரி. பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். என் மகன் ஒரு தாளை நாலாக மடித்து, கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரிகிற மாதிரி கொண்டுவந்தான். "ஒண்ணுமில்ல நைனா, எல்லாருக்கும் குடுக்கறதுதான்" என்றான். என் கண்ணாடியை ஏற்கனவே கழற்றி வைத்துவிட்டார்கள். உண்மையைச் சொல்லவேண்டும், எனக்கும் அதைப் படிக்க ஆசை இல்லை. தெரியாமலே உள்ளே போய்விடலாம் என்றுதான் இருந்தது. பேனாவை வாங்கிவிட்டேன்.

கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த அண்ணி தாளை வாங்கிப் பிரித்தார். இப்ப எதுக்குப் பெரிம்மா என்று மகன் தடுத்தான். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் வரியிலிருந்து தெலுங்கில் படித்து, ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னார். இப்போது அவர் எழுத்துக் கூட்டுவதில்லை, மளமளவென்று படிக்கிறார். பிராண அபாயம் என்ற இடம் வந்தபோது குரல் உடைந்தது. நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு அந்த வரியை மறுபடியும் முதலிலிருந்து முழுதாகப் படித்தார். என் மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அன்னிக்கி நான் உங்கள கேட்டிருக்கணும் அண்ணி" என்றேன். இதைச் சொல்ல எனக்குப் பத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறது.

பரவாயில்லை, விடு என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை.

"ஆமா, கேட்டிருக்கணும்" என்றார். "இப்ப நான் உன்ன கேக்கறேன். உனக்குச் சம்மதமா தம்பி?"

பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. பயமாக இருந்தது. அண்ணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் சொல்லும்வரை காத்திருந்தார்.