வேன் மட்டும் கொடுத்தவன் அல்ல

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். தீப்பெட்டி ஒட்டிய கையால் சாத்தூர்ப் பக்கம் பருப்பு மில் கட்டினேன். தண்ணீர் வராது என்று எல்லாரும் சிரித்த கரிசலில் கிணறு வெட்டித் தண்ணீர் பார்த்தேன். பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போக மூன்று வேன் வாங்கினேன். மகனையும் மகளையும் பட்டம் வாங்க வைத்தேன். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்றும் உண்டு, அதற்காகத்தான் மகள் எழுத, நான் சொல்ல உட்கார்ந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். மானாவாரி நிலம் ஏன் தரிசாகக் கிடக்கிறது, கம்பெனிக்குப் போகிற வீடுகளில் என்ன சாப்பிடுகிறார்கள், அரசாங்கம் விதையும் ரேஷனும் எப்படிக் கொடுத்தால் உதவும் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். தலைவர் ஒரு பேராசிரியர், நல்ல மனிதர்தான். எம். புதுப்பட்டிப் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்பது முதல் கேள்வி.

அங்கேயே தப்பாகிவிட்டது. அந்த நாளில் எங்கள் பக்கம் பேனாவும் அட்டையுமாக யார் வந்தாலும், வேலைக்குப் போகும் பிள்ளைகளைக் கணக்கெடுக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று ஜனங்கள் பயப்படுவார்கள். பிள்ளையை அனுப்பாத வீடும் அனுப்புகிற வீடும் ஒரே பதில் சொன்னது: "நானும் அவுகளும்தான்." தானியம் அதே அளவு, சாப்பிடுகிற வாய் பாதி. ஆக, காகிதத்தில் எங்கள் ஜனங்கள் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள்.

என் மில்லுக்குப் பருப்பு விலை கேட்க வந்த பேராசிரியர் இதைச் சந்தோஷமாகச் சொன்னார்.

"எங்க ஊருல பிள்ளைகளே பிறக்கலையா சார்?" என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. "அப்ப யாரைக் கேட்கிறது, ஐயா?"

"பொம்பளைகளத்தான். ஆனா வீட்டுல வேணாம். என் வேன்ல வச்சுக் கேளுங்க. அங்கன அவுகளுக்குள்ள மறைக்க ஒண்ணும் இல்ல."

அது லேசான காரியமா? ஆராய்ச்சி என்றாலே கம்பெனி முதலாளிமார் கதவைச் சாத்துவார்கள். அவர்கள் முன்னால் போய் நின்றேன். "சோத்தப் பத்தி மட்டும்தான் கேப்பாக. வேற கேள்வி வந்தா என் வேன நிப்பாட்டிருங்க" என்றேன். பருப்பு வியாபாரிகளும் வேளாண்மை அதிகாரியும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள். என் மில்லில் உட்கார வைத்து மோர் கொடுத்துப் பேச வைத்தேன். கம்பெனி விடுமுறை நாட்களில் எல்லாரும் அங்கேதான் கூடினார்கள். வேறு எவனாலும் அது முடிந்திருக்காது.

பெண்களிடம் மட்டும் என் சவடால் செல்லவில்லை. அதற்கு என் மனைவி வேண்டியிருந்தது.

"நீ கூடப் போய் உட்காரு. நீ சொன்னா பேசுவாக."

"போனா எனக்கு என்ன தருவீக?"

"புஸ்தகமா அடிப்பாக. நம்ம ரெண்டு பேரு பேரும் வரும்."

"ரேஷன் கார்டுக்கு அப்புறம் அதுலதான் சேந்து வரும்போல. வார்த்தை மாறாதீக" என்று சிரித்தாள்.

விடிகாலையில் ஆராய்ச்சிக்காரப் பெண்ணைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு வேனில் ஏறினாள். "ஏ, இந்தப் பிள்ள ஆள் எண்ண வரல. நம்ம சட்டியில என்ன கிடக்குன்னு பாக்க வந்திருக்கு."

"என்ன கிடக்கும் மதினி, நேத்து வச்ச ரசம்தான்" என்றாள் ஒருத்தி.

"பருப்பு போடலையா?"

"அண்ணாச்சி மில்லுல கூட்டி அள்ளுற தூசியக் குடுத்தாகூட ஒரு வாரம் கொழம்பு வைப்போம்!"

சிரிப்பில் வேன் குலுங்கியது. அதன்பிறகு உண்மை தானாக வந்தது, பிள்ளைகளின் எண்ணிக்கையும் சேர்ந்து. விதைக்கிற புரட்டாசிதான் பட்டாசுக்கும் சீசன். தீபாவளி லோடு போகிற நேரத்தில் காட்டில் விதைக்க ஆள் ஏது? சீசன் முடிந்து வந்தால் ஈரம் போயிருக்கும். கம்பும் பயறும் விளைந்த நிலத்தில் கருவேலம் ஏறியது. வீட்டில் ரேஷன் அரிசியும் ரசமும்தான். சீசனுக்கு முன்பே கம்பெனி வாசலில் விதை கொடுக்க வேண்டும், ரேஷனில் பருப்பும் கம்பும் போட வேண்டும் என்ற யோசனைகள் அந்த வேனில் பிறந்தவை.

அடுத்த வருஷம் அவளுக்கு வயிற்றுவலி. ஆனாலும் வேனில் போவதை நிறுத்தவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் காட்டியபோது நோய் முற்றிப்போயிருந்தது. படுக்கையில் கிடந்தும், "புஸ்தகம் வந்துருச்சா?" என்றாள். "வரும், நீ முதல்ல எந்திரி" என்றேன். அவள் எந்திரிக்கவில்லை. அவளைத் தூக்கிய அன்று மூன்று வேனும் ஓடவில்லை. சீசன் கூலியை விட்டுவிட்டு அத்தனை பெண்களும் என் வாசலில் அழுதுகொண்டிருந்தார்கள். நான் மில்லுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

புத்தகம் மதுரையில் ஒரு விழாவில் வெளியானது. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆராய்ச்சியின் பங்குதாரர்கள் என்று முதலாளிகள் சங்கம், வியாபாரிகள் சங்கம், வேளாண்மைத் துறை, பல்கலைக்கழகம். கடைசிப் பக்கத்தின் அடியில், 'போக்குவரத்து உதவி: உள்ளூர் வேன் உரிமையாளர்.' அவளைப் பற்றி ஓர் எழுத்து இல்லை.

மேடையை விட்டு இறங்கிய பேராசிரியரை மறித்தேன்.

"பதிவு செஞ்ச அமைப்புகளைத்தான் பங்குதாரர்னு போட முடியும், ஐயா. விதி அப்படி."

"நானும் எம்பொஞ்சாதியும் எந்த ஆபீசுல போய்ப் பதியணும், சொல்லுங்க" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார். ஊர் திரும்பும்வரை பஸ்ஸில் அந்தப் பக்கத்தையே விரித்து வைத்திருந்தேன்.

அந்தப் புத்தகத்தை மறுபடி அச்சடிக்கப் போகிறார்களாம். பேராசிரியரே, கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு மாலை வேண்டாம், மேடை வேண்டாம். ஒன்றுசேராத நாலு தரப்பைச் சேர்த்தவன் நான், வாய் திறக்காதவர்களைப் பேச வைத்தவள் என் மனைவி. அதை முதல் பக்கத்தில் எழுதுங்கள். எங்கள் பெயர்கள் உங்களுக்குத் தெரியும். போடுங்கள்.