காற்றுப் படாத போத்தல்

சுபாஜினி போத்தலை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். ரப்பர் மூடியைக் கட்டைவிரலால் மூன்று தடவை அழுத்துகிறார். உள்ளிருக்கும் திரவத்தில் சாயம் கலந்திருக்கிறது. ஒட்சிசன் பட்டால் அது இளஞ்சிவப்பாகும். இல்லாவிட்டால் நிறமற்றுக் கிடக்கும்.

“செவப்பு தெரிஞ்சா காத்து பூந்திருச்சு. அப்புறம் அதுங்க சொல்றதெல்லாம் பொய்யிங்க.”

‘அதுங்க’ என்பது பக்டீரியாக்கள். மொனராகலைப் பக்கத்துக் கரும்புப்பாகிலிருந்து அவரே பிரித்தெடுத்தவை.

வயது முப்பத்தாறு. பூனாகலையில் கொழுந்து பறித்தவர்களின் மகள். பதுளையில் ஓர் ஆய்வுகூடத்தில் பன்னிரண்டு வருடமாக உதவியாளர். மத்தியான ரொட்டியை நின்றபடியே தின்பார். யாராவது கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போனால், பேராசிரியரே ஆனாலும், “சேர், கதவு!” என்று குரல் வரும். வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கினார். அதற்கு மேல் ஆய்வுப் பட்டத்துக்கும் பதிந்தார்.

அவர் கேட்ட கேள்வி இதுதான்: காற்று இல்லாதபோது இந்தப் பக்டீரியாக்கள் நொதித்தலுக்கான நொதியங்களை எப்படிச் செய்யத் தொடங்குகின்றன? அவற்றுக்குள் இரும்பும் கந்தகமும் சேர்ந்த துணுக்கைச் சுமக்கும் ஒரு புரதம் உண்டு. ஒட்சிசன் பட்டால் துணுக்கு சிதைந்துவிடும். படாவிட்டால் அந்தப் புரதம் மரபணுவின் வாசலில் போய் ஒட்டி அதை இயக்கிவிடும். சுபாஜினியின் கணக்கில் அது இன்னும் சுருக்கம்: “காத்து இருந்தா ஒரு அடுப்பு, இல்லாட்டி வேற அடுப்பு. ரெண்டையும் ஒண்ணா எரிச்சு வெறகை வீணாக்காதுங்க.”

ஆனால் ஏழு மாதமாக அந்த இரண்டாவது அடுப்பு பற்றவே இல்லை. மரபணு அனுப்பும் செய்தியை ஒவ்வொரு தடவை அளந்தபோதும், காற்றோடு வளர்த்ததும் காற்றில்லாமல் வளர்த்ததும் ஒரே அளவாகவே இருந்தன. தவணை இரண்டு தடவை நீட்டியாகிவிட்டது. மீளாய்வுக் கூட்டத்தில் ஒருவர், “இவங்க குப்பி கழுவுற வேலையோட நிண்டிருக்கலாம்” என்றார், சுபாஜினி எதிரில் இருக்கும்போதே.

மேற்பார்வையாளர் சரவணமுத்து யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். அவரும் களைத்துவிட்டார். “பிள்ளை, ஜீன் அசையேல்லை. உந்த பக்டீரியாவில இது வேலை செய்யேல்லை எண்டே எழுதி முடிச்சுவிடும்.”

“பத்து நாள் குடுங்க சேர்.”

ஆறாம் நாள், பக்டீரியாக் கலங்களைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரத்தை வேறொருவர் பிடித்துவைத்திருந்தார். போத்தலைத் திறந்து எடுத்த மாதிரித் திரவம் குழாயிலேயே காத்திருந்தது. சுபாஜினி அதன் முன்னால் குந்தியிருந்தார். குழாயின் வாயில் மெல்லிய இளஞ்சிவப்பு. பார்த்துக்கொண்டிருக்கவே அது கீழே இறங்கியது.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மாதிரித் திரவம் இயந்திரத்துக்குப் போய் வரப் பத்து நிமிடம். மரபணுவின் செய்திக்கோ சில நிமிடமே ஆயுள். வளரும்போது காற்று புகவில்லை. அளப்பதற்காகத் திறந்ததே காற்றை விட்டிருக்கிறது! புரதம் சிதைந்து, மரபணு அணைந்து, செய்தியும் அழிந்த பிறகுதான் அவர் ஏழு மாதமாக அளந்துகொண்டிருந்தார்.

அடுத்த நாள் போத்தலைத் திறக்கவே இல்லை. ரப்பர் மூடிக்குள் ஊசியைச் செலுத்தி உறிஞ்சி, எல்லாவற்றையும் அந்த நொடியிலேயே நிறுத்திவிடும் குளிர்திரவத்துக்குள் நேரே பாய்ச்சினார். ஒன்பதாம் நாள் திரையில் இரண்டு கோடுகள் ஏறின. காற்றில்லாத போத்தலின் கோடு வெகு முன்னதாகவே எழுந்துவிட்டது. கோடு முந்தி எழுந்தால் செய்தி அதிகம்: நாற்பது மடங்கு. நம்பாமல் மறுபடி செய்தார். நாற்பத்திரண்டு.

“சேர்! பத்திக்கிச்சு! வந்து பாருங்க!”

சரவணமுத்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார். “கடவுளே, நாங்களெல்லோ கதவைத் திறந்துவிட்டு, வீட்டில ஆள் இல்லையெண்டு சொல்லியிருக்கிறம்! பிள்ளை, நீர் வெண்டிட்டீர்.”

அடுத்த மீளாய்வில், குப்பி கழுவச் சொன்னவரே ஊசி முறையை எழுதித் தரும்படி கேட்டார். சுபாஜினி எழுந்து வெண்பலகைக்குப் போனார். ஊசி, மூடி, குளிர்திரவம் என்று ஒவ்வொன்றாக வரைந்து, கீழே தன் முழுப்பெயரையும் எழுதினார்.

“ஐயோ பிள்ளை, அது அழியாத பேனையல்லோ!” என்றார் சரவணமுத்து.

“தெரியும் சேர்” என்றபடி, பெயருக்கு அடியில் அழுத்தி ஒரு கோடு இழுத்தார்.