மச்சான் கற்றுக்கொடுத்த வண்டி

என் மகனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான் இல்லை, என் மனைவியின் தம்பி. அந்த நாட்களில் அவன்மேல் நான் பட்ட பொறாமையை மனைவியைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் வேறு வழியில்லாமல்தான் சொன்னேன்.

எழுபதுகளின் தொடக்கம். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு ரயில்வே கேட்டில் எனக்கு வேலை. ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததும் கைப்பிடியைச் சுற்றிக் கேட்டை இறக்குவேன், ரயில் போனதும் ஏற்றுவேன். துறைமுகத்துக்குப் போகிற லாரிகள், எண்ணூர் பஸ்கள், மாட்டு வண்டிகள் எல்லாம் நாள் முழுக்க என் எதிரில் வந்து நிற்கும். எவன் பொறுமைசாலி, எவன் அவசரக் குடுக்கை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம். ஆனால் வாழ்நாளில் ஒரு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

மச்சான் ராயபுரத்தில் இருந்தான். சொந்த டாக்ஸி. என் மகனுக்குப் பதினெட்டு முடிந்த வாரமே எல்.எல்.ஆர். எடுக்க அவன்தான் கூட்டிப் போனான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் டாக்ஸியில் எல் போர்டைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் ஹார்ன் அடிப்பான். இவன் காலில் செருப்புகூடச் சரியாக மாட்டாமல் ஓடுவான். இரண்டு பேரும் எண்ணூர் ரோட்டில் வடக்கே போய்விட்டு, வெயில் ஏறும்போது திரும்புவார்கள்.

பிறகு சாப்பாட்டில் முழுக்க மாமா புராணம்தான். "மாமா இன்னா சொல்ச்சு தெரியுமா? பிரேக்க மிதிக்கறதுக்கு முன்னாடி கண்ணாடியப் பாக்கணுமாம். பின்னாடி வர்றவன் எங்க கீறான்னு தெரியணுமாம்." என்னோடு ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசாத பையன். மச்சானைப் போலவே காலருக்குள் கைக்குட்டை வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தான். அதைப் பார்க்கும்போது எனக்குச் சோறு இறங்காது.

ஒரு ஞாயிறு எனக்குக் காலை டியூட்டி. கூட்ஸ் வண்டிக்காகக் கேட்டை இறக்கியிருந்தேன். மச்சானின் டாக்ஸி வந்தது, ஓட்டியது என் மகன். மச்சான் தப்பாக ஏதாவது சொல்லிக்கொடுக்க மாட்டானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். டாக்ஸி கேட்டுக்குப் பத்தடி முன்னாலேயே நின்று இஞ்சினும் அணைந்தது. பின்னால் வந்த லாரி எதிர்ப்பக்கமாக ஏறி வந்து கேட்டை முட்டிக்கொண்டு நின்றது. இவன் அசையவில்லை. கேட் ஏறியதும் அவசரக்காரர்களை எல்லாம் போகவிட்டு, இரண்டு பக்கமும் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு, கடைசியாக நிதானமாகக் கடந்தான். ஒரு டிரைவர் எப்படி இருக்க வேண்டும் என்று நான் நினைத்தேனோ அப்படியே இருந்தான்.

எனக்கு வயிறு எரிந்தது.

போகும்போது என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். அடுத்த நொடியே மச்சான் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அன்று சாயந்திரம் மனைவியிடம் சொன்னேன்: "உன் தம்பி பையனக் கெடுக்கறான். கேட்டு எறங்கிக்கினு இருக்கும்போதே அடியில பூந்து போகச் சொல்லிக் குடுக்கறான். என் கண்ணால பாத்தேன்."

முழுப் பொய். ஆனால் அவள் கேட் அருகே நடந்த விபத்துகளை என் வாயாலேயே கேட்டுக் கேட்டுப் பயந்தவள். மறு ஞாயிறு தம்பி வந்து ஹார்ன் அடித்தபோது வாசலிலேயே நிறுத்தினாள். "இனிமே அவன இட்டுகினு போகாதடா. அவர் எல்லாத்தையும் பாத்துட்டாரு." மச்சான் அவளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தான். எல் போர்டைக் கழற்றிச் சீட்டில் போட்டுவிட்டுப் போனான். என் மகன் மட்டும், "இன்னா பாத்த நைனா?" என்று கேட்டான். நான் உள்ளே போய்விட்டேன். அதோடு அவன் என்னிடம் அந்தப் பத்து வார்த்தையையும் நிறுத்திக்கொண்டான்.

மூன்று வாரம் கழித்து, காசிமேட்டில் ஐஸ் ஏற்றும் ஒரு தோஸ்தின் வேனை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். பக்கத்தில் வழி சொல்ல விவரம் தெரிந்தவர்கள் யாருமில்லை, நாலு பையன்கள் மட்டும் கூச்சல் போட்டுக்கொண்டு. கத்திவாக்கம் தாண்டி, உப்பளத்தில் வேலை முடித்துச் சைக்கிளில் வந்த ஒருவரை இடித்துவிட்டு வேன் பள்ளத்தில் இறங்கிவிட்டது. என் மகனுக்குத் தாடையில் தையல். அந்த மனிதருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு மச்சான் ஓடி வந்தான். என் மனைவி அத்தனை பேர் முன்னாலும் அவன் சட்டையைப் பிடித்தாள். "நீ குட்த்த புத்திதாண்டா இது! கேட்டுல பூந்து போகச் சொன்னவன்தானே நீ?" அவன் தலையைக் குனிந்து நின்றான். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். அவன் கேட்டுக்கு அடியில் நுழையச் சொல்லவே இல்லை, நான்தான் பொறாமையில் கதை கட்டிச் சொன்னேன் என்று. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அரிவாள்மனையை விட்டு எழுந்து கையைக் கழுவினாள். "என்னாண்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அவனாண்ட போய்ச் சொல்லு" என்றாள். அதுவரை என்னை ஒருமையில் பேசாதவள்.

ராயபுரத்துக்குப் போனேன். மச்சான் டாக்ஸியைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் அக்காவிடம் நான் சொன்னதெல்லாம் பொய் என்று சொன்னேன்.

"தெரியும் மாமா" என்றான்.

"அப்பால ஏண்டா சும்மா இருந்த?"

"உன் புள்ள. நீ வேணான்னு நெனச்ச. அதுக்கு மேல நான் இன்னா பேசறது?" வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றினான். "மறுபடி இட்டுகினு போறேன். ஆனா நீயும் வரணும். பின்னால குந்திக்கோ."

தையல் பிரித்ததும் மறுபடி தொடங்கினோம். பின்னால் உட்கார்ந்த முதல் நாளே என் கர்வம் போய்விட்டது. கேட்டில் நின்று பார்க்கும்போது ரோடு மெதுவாக நகரும். காருக்குள்ளிருந்து பார்த்தால் ஆடுகளும் சைக்கிள்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் எங்கிருந்து முளைக்கிறார்கள் என்றே தெரிவதில்லை. சைக்கிளைக் கண்டால் என் மகன் பிரேக்கை மிதித்துவிடுவான். நடு ரோட்டிலேயே நிறுத்திவிடுவான். நான், "டேய், பாத்து!" என்று கத்தினேன்.

மச்சான் திரும்பாமலே சொன்னான்: "மாமா, நீ கத்துனா அவன் உன்னத்தான் பாப்பான். ரோட்டப் பாக்கமாட்டான்." பிறகு அவனிடம், "ஒண்ணும் அவசரமில்ல. சைக்கிள் போவட்டும். மூச்ச வுடு. இப்ப எடு" என்றான். அதே குரலில் எத்தனை முறை சொன்னானோ. எனக்கு அந்தக் குரல் வராது. அதற்கும் சேர்த்து அவன்மேல் பொறாமைப்பட்டேன்.

என்னால் முடிந்தது ஒன்றுதான். ஒவ்வொரு புதன்கிழமையும் அந்த உப்பளக்காரர் வீட்டுக்கு மகனைக் கூட்டிப் போனேன். முதல் நாள் அவன் தெருமுனையிலேயே நின்றுவிட்டான். "நான் வரல நைனா. இன்னா மூஞ்சிய வெச்சிகினு போறது?" என்றான். "இந்த மூஞ்சியவே வெச்சிகினு வா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனேன். அவருடைய மனைவி எங்களை உட்காரச் சொல்லவில்லை. இவன் குடத்தை எடுத்துக்கொண்டு போய்க் குழாயில் தண்ணீர் பிடித்து வந்து வைத்தான். கட்டுப் பிரித்து அவர் நடக்கிறவரை ஒரு புதன்கூட விடவில்லை. திரும்பி வரும் வழியில் அவனும் நானும் பேசிக்கொண்டு நடப்போம். பத்து வார்த்தைக்கு மேலேயே இருக்கும்.

லைசென்ஸ் டெஸ்டுக்கு மூவருமாகப் போனோம். வண்டியை ரிவர்ஸ் எடுத்து, கையால் சிக்னல் காட்டி, சரிவில் நிறுத்தி எடுத்து, எல்லாம் செய்து பாஸாகி இறங்கியவன் நேராக ஓடிப்போய் மச்சானைக் கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகுதான் என் பக்கம் வந்தான்.

எரியத்தான் எரிந்தது. மச்சானை டீ குடிக்கக் கூப்பிட்டேன்.