நாற்பத்தெட்டு என்று சொன்னேன்

மனைவி இறந்த பிறகு என் நாளில் மூன்று மணித்தியாலம் மிச்சமாகிவிட்டது. காலை எப்படியோ போய்விடும். தண்ணீர் அள்ள வேண்டும், சமைக்க வேண்டும், பத்திரிகையை இரண்டு தரம் வாசிக்க வேண்டும். ஐந்து மணிக்குப் பிறகு கோயில், வானொலிச் செய்தி, படுக்கை. பகல் இரண்டிலிருந்து ஐந்து வரைக்கும்தான் என்ன செய்வதென்று தெரியாது. அந்த மூன்று மணித்தியாலத்தை நான் துறைமுகத்துக்குப் போகும் வீதியோரம் ஓர் ஒழுங்கையில் இருந்த கேம் கடையில், ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரையில் கழித்தேன்.

முதலில் என் இளைய மகனைத் தேடித்தான் அங்கே போனேன். இருட்டுவதற்குள் பிள்ளை வீட்டுக்கு வராவிட்டால் தேடிப் போகிற காலம் அது. சமாதானம் என்று சொன்ன வருடங்கள் முடிந்து, எடுத்து வைத்த மண்மூட்டைகளைத் திரும்பவும் வீதியில் அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். என் வீட்டிலிருந்து கடைக்குப் போக மூன்று சோதனைச் சாவடிகள். இரண்டாவது சாவடியில் ஒருநாள் மண்மூட்டைகளை எண்ணிக்கொண்டு போனபோது காவலில் நின்றவன் மறித்து, என்ன முணுமுணுக்கிறாய் என்று கேட்டான். தேவாரம் என்றேன். அன்று முதல் உதடு அசையாமல் எண்ணப் பழகிக்கொண்டேன். எண்ணாமல் இருக்க எனக்கு ஏலாது. துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் டாலி கிளாக்கராக இருந்து, கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளை ஐந்தைந்து கோடாகக் குறித்தவன் நான். கப்பல்காரன் தன் கடதாசியில் எத்தனை என்று எழுதியிருந்தாலும், என் கண்முன் இறங்கியதுதான் எனக்குக் கணக்கு.

கடைக்காரர் கிண்ணியாக்காரர். வயது முப்பத்தைந்து இருக்கும். காலையில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் கடலைக் கடந்து வந்து, பின்னேரம் அதே பாதையில் திரும்பிப் போய்விடுவார். கடையில் இரண்டு பெரிய தொலைக்காட்சி, நான்கு விளையாட்டு மெசின். அரை மணித்தியாலக் கணக்கில் பிள்ளைகள் வந்து விளையாடுவார்கள். வீட்டில் மெசின் வைத்திருப்பவர்களும் வருவார்கள், ஏனென்றால் தனியாக ஓடினால் யாரை முந்துவது? கார் ஓட்டுகிறவர்கள் மதிலில் அடிபடுவதை நான் எண்ணுவேன்.

“தம்பி, இது பதினேழாவது தரம் மதிலில.”

“எண்ணாதேங்கோ ஐயா, கை நடுங்குது.”

“ஐயாவைக் கூட்டிக்கொண்டு போய் மதிலில இருத்துங்கோடா. அங்கயிருந்து வடிவா எண்ணுவார்.”

இந்தப் பகிடிதான் எனக்கு ஒரு நாளின் கதை. வீட்டில் கதைக்க ஆளில்லை.

அந்தக் கடையில் எல்லோரும் ஒரு விளையாட்டுக்காகக் காத்திருந்தார்கள். கடையில் இருந்த அந்த வகை மெசினுக்கு மட்டும் வரப்போகிற கார் ஓட்டப் போட்டி. வேறு எந்த மெசினிலும் ஓடாது. நூற்றுக்கணக்கான கார்களாம், மழையில் ஓடினால் சில்லு வழுக்குமாம். வருகிறது என்று ஒரு படம் சுவரில் ஒட்டினார்கள். வரவில்லை. பிந்துகிறது என்று செய்தி வந்தது. படம் வெயிலில் வெளிறிப்போக, வேறொரு படம் ஒட்டினார்கள். அப்படி மூன்று படம். முதல் படம் ஒட்டிய அன்று கடைக்காரர் ஒரு சீ.ஆர். கொப்பியைத் திறந்து, வேண்டியவர்கள் பெயரை எழுதுங்கள் என்றார். முதலாவது பெயரை என் மகன் எழுதினான். நான் பக்கத்தில் நின்றேன்.

இரண்டு வருடம் கழிந்து உண்மையாகவே வருகிறது என்ற செய்தி வந்தபோது என் மகன் ஊரில் இல்லை.

அவன் எங்கே என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். ஏஜென்சிக்காரன் பிள்ளையைக் களவாக வெளிநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு புறப்பட்டால், போய்ச் சேர்ந்தேன் என்ற தொலைபேசி வரும்வரை வீட்டார் வாய் திறப்பதில்லை. கேட்டால், கொழும்பில் ஒரு கோர்ஸ் படிக்கிறான் என்று சொல்வார்கள். வழியில் பிடிபட்டுத் திரும்பி வருகிறவனை விசாரிக்க ஆட்கள் இருந்தார்கள். போகாமல் மறிக்கவும் வேறு ஆட்கள் இருந்தார்கள். சொன்னது எந்தக் காதில் விழும் என்று தெரியாது. என் மகன் ஏதோ ஓர் ஆபிரிக்க நாட்டிலிருந்து ஒரு தரம் கதைத்தான். பிறகு சத்தமில்லை. அவனுடைய மெசின் வீட்டில் துவாயால் மூடியபடி தொலைக்காட்சிக்குக் கீழே இருந்தது. கடையில் கேட்டவர்களுக்கு நானும் சொன்னேன்: “கொழும்பில. கணக்கியல் கோர்ஸ்.”

ஒருநாள் கடைக்காரர் கொப்பியோடு என் பக்கம் வந்து குந்தினார்.

“கிளாக்கர் ஐயா, கேம் தட்டு அனுப்புற கொழும்பான் நம்பர் கேக்கான். மாசக் கடைசிக்குள்ள சொல்லணுமாம். எத்தின எண்டு சொல்ல?”

“மிஞ்சினால் திருப்பி எடுப்பானோ?”

“எடுக்க மாட்டான். எடுத்தா எடுத்ததுதான். குறைய எடுத்தா பொடியனுகள் வேற கடைக்கிப் போயிடுவானுகள். கூட எடுத்து மிஞ்சினா நான் இதப் பூட்டிட்டு மச்சான்ட நெல்லு மில்லுக்குப் போக வேண்டியதுதான்.” பிறகு சிரித்துக்கொண்டு, “ஒங்களுக்கும் கதிரை இல்ல” என்றார்.

அவர் சிரித்தார். அவருக்கு மில்லாவது இருந்தது.

அந்த விளையாட்டைக் கள்ளக் கொப்பி அடிக்க முடியாது, தட்டில் இரண்டு படையாகப் பதிந்திருக்கிறார்கள் என்று கொழும்பான் சொல்லியிருந்தான். ஆகவே ஒரு மெசினுக்கு ஒரு தட்டு. மெசினை எண்ணினால் விற்பனையைச் சொல்லிவிடலாம். இது என் யோசனை. கொப்பியில் அறுபத்தொரு பெயர் இருந்தது. இரண்டு தரம் எழுதியவர்கள் ஐந்து பேர். பகிடிக்கு எழுதியது மூன்று, அதில் ஒன்று ஒரு மந்திரியின் பெயர். மிச்சம் ஐம்பத்துமூன்று. கிண்ணியாப் பக்கத்து ஒன்பது பேரைக் கடைக்காரர் பார்த்துக்கொண்டார். அதில் ஆறு பேர் வாங்குவதாகச் சொன்னார்கள். நகரத்துப் பக்கத்து நாற்பத்துநான்கு எனக்கு. பதினாறு நாள் குடையும் கொப்பியுமாக நடந்தேன்.

இரண்டு வீடு பூட்டியிருந்தது. மற்ற எல்லா வீட்டிலும் தேத்தண்ணி தந்தார்கள், மெசினைக் காட்டினார்கள், வாங்குவான் என்றார்கள். அன்புவழிபுரத்தில் ஒரு வீட்டை மட்டும் சொல்கிறேன். என் மனைவிக்குக் கோயிலில் பழக்கமான அம்மா அவர். மெசின் அலுமாரிக்கு மேலே, கம்பிகள் சுற்றிக் கட்டி, பொலித்தீன் பையில் இருந்தது.

“ஓம் ஐயா, கட்டாயம் வாங்குவான். அதையேதான் கதைச்சுக்கொண்டிருந்தவன்.”

“பிள்ளை எங்கே?”

“கொழும்பில. கோர்ஸ் ஒண்டு.” பிறகு, “உங்கட இளையவர்?”

“அவனும் கொழும்பிலதான்.”

“என்ன கோர்ஸ்?”

“கணக்கியல்.”

“எங்கட ஆளும் அதுதான்,” என்றார் அந்த அம்மா. “அப்ப ஒருவேளை ரெண்டு பேரும் சந்திச்சிருப்பினம்.”

“சந்திச்சிருப்பினம்.”

அவர் என் கோப்பையைப் பார்த்தார். நான் அலுமாரியைப் பார்த்தேன். “இன்னும் கொஞ்சம் ஊத்தட்டோ?” என்று கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் ஊற்றினார்.

எனக்குத் தெரியவில்லை என்று இப்போது எழுதினால் பொய். கொப்பியும் பேனையுமாக வந்து, மகன் எங்கே என்று கேட்கிறவனிடம் அந்த நாட்களில் எந்தத் தாய் உண்மை சொல்வாள்? நாற்பத்திரண்டு வீட்டில், என் வீட்டையும் சேர்த்து, இருபத்துநான்கு பிள்ளைகள் கொழும்பில் கோர்ஸ் படித்தார்கள். அத்தனை பேர் ஒரே நேரத்தில் படித்தால் கொழும்பில் கதிரை போதாது. ஆனால் அந்த அம்மாவின் பெயரை நான் வெட்டினால் அவருடைய மகன் போய்விட்டான் என்று எழுதினதாகும். என் மகனின் பெயரை வெட்டினால் அவன் போனதை நானே சொன்னதாகும். அவன் பெயர் முதலாவது வரியில், அவன் கையெழுத்தில் இருந்தது. பக்கத்தில் சரி போட்டேன். அவனுக்குப் போட்டபிறகு மற்றவர்களுக்குப் போடாமல் விட என்ன நியாயம்? நாற்பத்திரண்டு பேருக்கும் போட்டு, கிண்ணியாவின் ஆறையும் கூட்டினேன்.

“நாற்பத்தெட்டு,” என்றேன்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “நாப்பத்தெட்டா? நான் இருபத்தஞ்சி எண்டு நினைச்சன். ஊருல பொடியனுகளக் காணல்லயே ஐயா.”

“மெசின் இருக்கு. கண்ணால பார்த்தனான்.”

“ஒங்கட கணக்கு பிழைக்காது,” என்று சொல்லிவிட்டு, தொலைபேசியில் கொழும்பானுக்கு நாற்பத்தெட்டு என்றார். அந்த இடத்தில் நான் குறுக்கிட்டிருக்கலாம். நான் மின்விசிறியின் சுற்றை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை பெட்டி வந்தது. அன்று ஒன்பது விற்றது. பிள்ளைகள் கடையிலேயே ஒன்றைப் போட்டு ஓடினார்கள். மழையில் சில்லு உண்மையாகவே வழுக்கியது. எல்லோரும் கத்தினார்கள், நானும் கத்தினேன். அந்த ஒரு பின்னேரம் மட்டும் நான் எதையும் எண்ணவில்லை. ஒரு கிழமையில் பதினாறு. பிறகு நாளுக்கு ஒன்று, பிறகு அதுவும் இல்லை.

வராதவர்களின் வீடுகளுக்குக் கடைக்காரர் தொலைபேசி எடுத்தார். “நாளைக்கு வருவான்” என்றார்கள். மறுநாள் பிள்ளைகள் வரவில்லை, தாய்மார் மூன்று பேர் வந்தார்கள். அன்புவழிபுரத்து அம்மா கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்து, “மகன் எடுத்து வைக்கச் சொன்னவன்” என்று ஒன்றை வாங்கிப் போனார். நான் கதிரையில் இருந்தேன். எங்கள் இருவருக்கும் கொழும்பைப் பற்றிக் கதைக்க எதுவும் வரவில்லை. அவர் போனபின் நானும் எழுந்து ஒன்று வாங்கினேன். வாங்காவிட்டால் முதலாவது வரி பொய்யாகிவிடும். என்னுடையது இருபத்திரண்டாவது. அதற்குப் பிறகு ஒன்றும் விற்கவில்லை. இருபத்தாறு மிச்சம்.

கடைக்காரர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் மறுமொழி சொல்லியிருப்பேன். ஒருநாள் கடையில் வேறு யாரும் இல்லாதபோது மெதுவாகக் கேட்டார்.

“ஐயா, ஒண்டு கேக்கன். கோவிக்காதிங்க. ஒங்கட மகன் எங்க?”

அவன் கதைத்து அப்போது ஐந்து மாதம். உயிரோடு இருக்கிறானா என்றே எனக்குத் தெரியாது.

“கொழும்பில,” என்றேன்.

அவர் “சரி ஐயா,” என்று சொல்லி எழுந்து போய், ஒரு மெசினின் தூசியைத் துடைத்தார்.

அதற்குப் பிறகு ஐந்து கிழமை கடை இருந்தது. கடைசி நாள் தொலைக்காட்சிகளை ஒரு லான்ட்மாஸ்டர் இழுவை வண்டியில் ஏற்றிப் பாதைக்குக் கொண்டுபோனார்கள். “கதிரைய நீங்க எடுத்துட்டுப் போங்க ஐயா,” என்றார். நான் அந்தக் கதிரையைத் தூக்கிக்கொண்டு மூன்று சாவடியையும் கடந்து வீட்டுக்கு வந்தேன். மூன்று இடத்திலும் அதைக் கவிழ்த்துப் பார்த்தார்கள்.

இருபத்துமூன்று நாள் கழித்துக் காலையில் தொலைபேசி அடித்தது. கனடாவிலிருந்து மகன். போய்ச் சேர்ந்து இரண்டு கிழமையாம், கூடவே இருந்தவனின் கைத்தொலைபேசி இப்போதுதான் கிடைத்ததாம். அழுதேன். சாப்பாடு, குளிர், சப்பாத்து எல்லாம் கேட்டேன். பிறகு கதை இல்லாமல் போக, “உன்ர கார் விளையாட்டு வந்தது. உனக்கு ஒண்டு எடுத்து வைச்சிருக்கிறன்” என்றேன்.

“ஐயோ அப்பா, ஏன் வீணா? இஞ்ச அறையில இருக்கிற பொடியனிட்ட இருக்கு. நாங்கள் ராவு ராவா ஓடுறம். நானும் ஒண்டு வாங்கத்தான் இருக்கிறன்.”

தொலைபேசியை வைத்தபின் கொப்பியை எடுத்தேன். கடைக்காரர் அதை என்னிடமே விட்டிருந்தார். மகன் வாங்குவான். அவர்கள் எல்லோரும் வாங்குவார்கள், கனடாவில், சுவிசில், லண்டனில், போய்ச் சேர்ந்தவர்கள் எல்லோரும். நாற்பத்தெட்டு என்பது கிட்டத்தட்டச் சரியாகவே இருக்கலாம். கடைதான் வேறு. அதைச் சரிபார்க்க எனக்கு வழியில்லை.

இனி நான் உண்மை சொல்லலாம். சொல்ல வேண்டியவர் ஒருவர்தான். அன்றே பாதையில் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனேன். அவர் மில்லில், தலையில் துண்டு கட்டி, இமையெல்லாம் உமித்தூளாக நின்றார்.

“மகன் கனடாவில,” என்றேன்.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார். என் இரண்டு கையையும் பிடித்தார். “அண்டைக்கி நீங்க சொன்ன மாதிரியிலயே விளங்கிட்டு ஐயா.”

“முதலே சொல்லியிருந்தால் நீங்கள் இருபத்தஞ்சோட நின்றிருப்பீங்கள்.”

“ஓம். நிண்டிருப்பன்.” உமித்தூளைத் துடைத்தார். “எப்பிடிச் சொல்ற? என்ட பிள்ளையா இருந்தா நானும் சொல்ல மாட்டன்.”

அதற்குள் நெல்லுக் குத்தும் மெசினைப் போட்டுவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. அவர் கையைக் காட்டி ஒரு மூட்டையில் என்னை இருக்கச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். நான் இருந்தேன். ஐம்பத்தாறு மூட்டை வெளியே போனது. இரண்டு தரம் அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கடைசிப் பாதைக்கு நேரமாகியதும் நானும் தலையசைத்துவிட்டு வெளிக்கிட்டேன்.

மறுநாள் இரண்டு மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு படலை வரைக்கும் போனேன். பிறகு திரும்பி வந்து, குடையை ஆணியில் மாட்டிவிட்டு, நீலக் கதிரையில் இருந்தேன்.